ஜெராய் மலைக்கு வார இறுதிப் பயணம்

கோத்தா கோலா மூடாவின் மீனவர் படகுத்துறையில் நின்று வடக்கே பார்த்தால் ஜெராய் மலை தெரியும். சுங்கை பட்டாணி, பீடோங், செமிலிங் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கும் அது அன்றாடக் காட்சிதான். பால்மரத்தின் பட்டை நனைந்துவிட்டால் மரம் சீவ முடியாது. அன்றைய கூலியும் போய்விடும். ஆகவே, விடியற்காலையில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு புறப்படும் தொழிலாளிக்கு வானம் எப்படி இருக்கிறது என்பது வயிற்றுப்பாட்டுக் கேள்வி. கிழக்கு வெளுக்கும்போது மலையின் தலையில் மேகம் உட்கார்ந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது பலருக்கு இயல்பாகவே வந்துவிடும்.

இவ்வாறு தினமும் கண்ணில் படுவதாலேயே ஜெராயைப் பலர் எளிதாக எண்ணிவிடுகிறார்கள். இதன் உயரம் 1,217 மீட்டர். 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலுவுடனோ, 2,187 மீட்டர் உயரமுள்ள தகான் மலையுடனோ ஒப்பிட்டால் இது சிறியதுதான். மேலும், குருண் பக்கத்திலிருந்து மேலே செல்லத் தார்ச்சாலை உண்டு. “காரில் போகக்கூடிய மலைக்கு எதற்கு முதுகுப்பையும் கயிறும்?” என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், சாலையில் செல்பவரின் ஜெராய் வேறு. காட்டுப் பாதையில் நடப்பவரின் ஜெராய் வேறு. மலையுச்சிப் பகுதியில் தொலைத்தொடர்புக் கோபுரங்கள் நிற்கின்றன. அப்படியிருந்தும் அதே மலையின் பள்ளத்தாக்கு ஒன்றில் இறங்கி நிற்பவரின் கைப்பேசியில் அலை கிடைக்காமல் போகலாம். கால் சுளுக்கிய ஒருவரைத் தூக்கிக்கொண்டு வேர்களும் வழுக்குப் பாறைகளும் நிறைந்த இறக்கத்தில் ஒரு கிலோமீட்டர் வருவதற்குச் சில மணி நேரம் ஆகலாம். அந்த நேரத்தில், சாலை பக்கத்தில் இருக்கிறது என்பது ஆறுதலாக இருக்குமே தவிர உதவியாக இராது. எனவே, ஜெராயைத் தொலைதூர மலையாகக் கருதி ஆயத்தம் செய்வதே சரியான முறை.

முதலில் இம்மலையின் இயல்பைத் தெரிந்துகொள்வோம். ஜெராய் ஒரு மலைத்தொடரின் பகுதியன்று. கெடாவின் கடற்கரைச் சமவெளியில் அது தனியாக எழுந்து நிற்கிறது. மேற்கே சில கிலோமீட்டரில் மலாக்கா நீரிணை. வடமேற்கே யான் வட்டார வயல்வெளி. தெற்கே மெர்போக் ஆற்றின் முகத்துவாரமும் அலையாத்திக் காடும். உச்சிப் பகுதியில் காணப்படும் படிகக் கற்பாறைகள் நம் நாட்டின் மிகப் பழைய பாறைகளைச் சேர்ந்தவை. சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த மணலே பின்னர் இறுகி அவ்வாறு ஆனது. அடிவாரப் பகுதிகளில் கருங்கல்லைக் காணலாம். கடல் மட்டம் இன்றைவிட உயர்ந்திருந்த காலத்தில் இம்மலை ஏறக்குறைய ஒரு தீவாகவே இருந்திருக்கும். ‘பூலாவ் செராய்’, அதாவது செராய்த் தீவு என்னும் பழம்பெயர் மக்கள் வழக்கில் இன்னும் இருக்கிறது.

இப்படித் தனித்து நிற்பதன் விளைவு என்ன? கடலிலிருந்து வரும் ஈரக்காற்றுக்கு வழியில் வேறு தடை இல்லை. அது நேரே மலைச்சரிவில் மோதி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் அத்தனை ஈரத்தையும் சுமக்க முடியாது. ஈரம் மேகமாகித் திரள்கிறது. ஆகையால் சுங்கை பட்டாணியில் வெயில் கொளுத்தும் அதே பிற்பகலில் ஜெராயின் உச்சியில் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். பொதுவாக ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்திற்கும் வெப்பநிலை ஏறத்தாழ 0.6 பாகை குறையும். அடிவாரத்தில் 31 பாகை என்றால் உச்சியில் 24 பாகை. கேட்பதற்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால், நாள் முழுதும் வியர்த்து, மழையிலும் நனைந்து, பலமான காற்றில் நிற்பவரின் உடல் அந்த 24 பாகையிலும் வெப்பத்தை வேகமாக இழக்கும். பற்கள் கிட்டித்தல், பேச்சுக் குழறுதல், நடை தடுமாறுதல் ஆகியவை உடல்வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறைவதன் அறிகுறிகள். வெப்பமண்டல நாட்டில் குளிரால் ஒருவருக்கு உயிராபத்து வருமா என்று சிரிப்பவர்கள் ஒருமுறை நனைந்த பருத்திச் சட்டையோடு இரவில் மலைமேல் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

குளிரைவிடப் பெரிய ஆபத்து ஓடைகளில் இருக்கிறது. யான் பக்கம் தீத்தி ஹாயுன், பத்து ஹம்பார். மெர்போக் பக்கம் துப்பா. ஜெராயிலிருந்து இறங்கும் நீரோடைகள் இவ்விடங்களில் அழகிய பொழுதுபோக்குத் தலங்களாக அமைந்துள்ளன. விடுமுறை நாள்களில் குடும்பங்கள் சோற்றுப் பொட்டலங்களுடன் வந்து பாறைகளில் அமர்ந்து, பிள்ளைகளை நீரில் விளையாட விடுவார்கள். 2021 ஆகஸ்டு 18ஆம் நாள் மலையின் மேற்பகுதியில் பெய்த கனமழையால் சரிவுகள் சரிந்தன. மண்ணும் பாறையும் வேரோடு பெயர்ந்த மரங்களும் ஓடைகளின் வழியே பாய்ந்து இறங்கின. யான், மெர்போக், குருண் வட்டாரங்களில் வீடுகளும் பாலங்களும் சேதமடைந்தன, உயிர்களும் பலியாயின. வெள்ளம் வடிந்த பிறகு ஆற்றோரமெங்கும் மரக்கட்டைகள் மலைபோல் குவிந்து கிடந்தன.

மலாய் மொழியில் ‘கெபாலா ஆயர்’ என்று அழைக்கப்படும் இத்திடீர் நீர்ப்பெருக்கு எவ்வாறு உண்டாகிறது என்பதை மலையேறும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். செங்குத்தான சரிவில் பெய்யும் மழைநீர் மண்ணில் ஊறுவதற்கு நேரமில்லை. பல சிற்றோடைகளின் நீர் ஒரே பள்ளத்தில் ஒரே நேரத்தில் வந்து சேர்கிறது. சில வேளைகளில் விழுந்த மரங்களும் கிளைகளும் ஓடையின் குறுக்கே அணைபோல் அடைத்துக்கொள்ளும். அப்போது கீழே நிற்பவர்களுக்கு நீர் திடீரெனக் குறைந்ததுபோல் தோன்றும். பின்னர் அந்த அடைப்பு உடையும்போது தேங்கிய நீர் முழுவதும் சுவராக எழுந்து வரும். தெளிந்த நீர் கலங்குதல், இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வருதல், நீர்மட்டம் காரணமின்றி ஏறுதல் அல்லது இறங்குதல், மேலிருந்து இடி உருளுவது போன்ற ஓசை கேட்டல் ஆகியவை எச்சரிக்கைகள். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் பொருள்களை எடுக்கத் திரும்பாமல் கரையேறி, ஓடைக்குப் பக்கவாட்டில் மேட்டை நோக்கிச் செல்ல வேண்டும். ஓடையோடு கீழ்நோக்கி ஓடக்கூடாது. நீர் நம்மைவிட வேகமாக ஓடும்.

கோத்தா கோலா மூடா மக்களுக்கு இது புதிய பாடமன்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. சிதைந்த படகுகளைக் கொண்டு எழுப்பிய நினைவுச்சின்னம் இன்றும் அங்கே நிற்கிறது. ஆழிப்பேரலைக்கு முன்னர் சில நாடுகளின் கரைகளில் கடல் உள்வாங்கியதையும், அதை வேடிக்கை பார்க்க இறங்கியவர்கள் மீளாமற்போனதையும் நாம் கேட்டிருக்கிறோம். ஓடையில் நீர் குறைவதும் அதே மொழியில்தான் பேசுகிறது.

இனிப் பயணத்திற்கு வருவோம். கெடாவில் வெள்ளியும் சனியுமே வார இறுதி. எனவே வெள்ளிக்கிழமை காலை ஏறி, மேலே ஓர் இரவு தங்கி, சனிக்கிழமை இறங்குவது வசதியான திட்டம். (பினாங்கிலிருந்து வரும் உறவினர் மறுநாளும் விடுமுறை என்று நினைத்து மெதுவாக இறங்குவார், நமக்கு ஞாயிற்றுக்கிழமை பள்ளி உண்டு என்பதை அவருக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.) மலைப்பகுதி காப்புக்காடாக இருப்பதால் வன இலாகாவின் அனுமதியை முன்னதாகவே பெற வேண்டும். பதிவு பெற்ற மலை வழிகாட்டி ஒருவரை உடன் அழைத்துச் செல்ல வேண்டும். மாணவர் குழு என்றால் ஆசிரியரும் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் தேவை. யார் யார் செல்கிறார்கள், எந்தப் பாதையில் ஏறி எந்தப் பாதையில் இறங்குவார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்பதை எழுதி, கீழே இருக்கும் ஒருவரிடம் கொடுத்துவிடுவது நல்லது. குறித்த நேரம் கடந்தும் செய்தி வராவிட்டால் 999ஐ அழைக்க வேண்டியவர் அவர்தான். தாளில் எழுதிய அந்த நான்கு வரிகள் மீட்புப் படையினர் தேட வேண்டிய பரப்பைப் பெரிதும் குறைத்துவிடும்.

நேரத்தைக் கணிப்பதுதான் அடுத்தது. இதில்தான் புதியவர்கள் பெரும்பாலும் தவறு செய்கிறார்கள். வில்லியம் நைஸ்மித் என்னும் ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் ஓர் எளிய கணக்கைச் சொன்னார். சமதரையில் ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் ஒரு மணி நேரம்; அதனுடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்திற்கும் மேலும் ஒரு மணி நேரம். எடுத்துக்காட்டாக, 8 கிலோமீட்டர் நீளமும் 900 மீட்டர் ஏற்றமும் உள்ள ஒரு பாதையை எடுத்துக்கொள்வோம். தூரத்திற்கு 1 மணி 36 நிமிடம். ஏற்றத்திற்கு 1 மணி 30 நிமிடம். மொத்தம் 3 மணி 6 நிமிடம். ஆனால், இது பழகிய மலையேறிகள் திறந்த வெளியில் நடப்பதற்கான கணக்கு. மழைக்காட்டின் புழுக்கத்தில், தோளில் சுமையுடன், வேர்களைப் பிடித்து ஏறும் மாணவர் குழுவுக்கு அதை இருமடங்காக்கிக்கொள்வதே பாதுகாப்பு. அப்படியானால் 6 மணி நேரத்திற்கும் மேல். காலை 7.30க்குப் புறப்பட்டால் பிற்பகல் 1.30க்கு மேல்தான் தங்குமிடம் சேரலாம். இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் பிடிக்கும். காலைப் பசியாறலுக்கு ரொட்டி சானாய்க் கடையில் ஒரு மணி நேரம் தாமதித்தால் அந்த ஒரு மணி நேரத்தை மழையில் செலுத்த நேரும்.

குழுவின் வேகம் என்பது அதில் மிக மெதுவாக நடப்பவரின் வேகமே. அவரை முன்னால் விட்டு, வலிமை மிக்க ஒருவர் கடைசியில் வருவது நல்ல முறை. முன்னே ஓடி, ஒரு மரத்தடியில் உட்கார்ந்து இளைப்பாறி, பின்தங்கியவர் மூச்சு வாங்கி வந்து சேர்ந்ததும் எழுந்து நடக்கத் தொடங்கும் நண்பர்களை நாம் எல்லோரும் பார்த்திருப்போம். இளைப்பாறல் தேவைப்பட்டவருக்கு மட்டும் அது கிடைப்பதே இல்லை.

முதுகுப்பையின் எடை, சுமப்பவரின் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருக்க வேண்டும். 50 கிலோகிராம் எடையுள்ள மாணவர் 10 கிலோவுக்கு மேல் சுமக்கக்கூடாது. இதில் தண்ணீரே பெரும் பங்கை எடுத்துக்கொள்ளும். ஏற்றத்தில் மணிக்கு அரை லிட்டர் என்று வைத்தால் 6 மணி நேரத்திற்கு 3 லிட்டர், அதாவது 3 கிலோ. அதைக் குறைக்க நினைக்காமல் மற்றவற்றைக் குறைக்க வேண்டும். டின் உணவு வேண்டாம். வறுத்த கடலை, பேரீச்சம்பழம், பிஸ்கட், இரவில் சமைக்க அரிசியும் நெத்திலியும் போதும். கனமான பொருள்களை முதுகை ஒட்டி நடுவில் வைத்து, உறங்கும்போது அணியும் உலர்ந்த உடையை நெகிழிப் பையில் இறுகக் கட்டி அடியில் வைக்க வேண்டும். எவ்வளவு நனைந்தாலும் அந்த உடையைப் பகலில் எடுக்கக்கூடாது. மழைச்சட்டை, தலைவிளக்கு, விசில், முதலுதவிப் பெட்டி ஆகியவை மேலே, கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

காலணியைப் பற்றி ஒரு வார்த்தை. விலையுயர்ந்த மலையேற்றக் காலணி இல்லையே என்று யாரும் வருந்த வேண்டியதில்லை. ‘கம்போங் அடிடாஸ்’ என்று வேடிக்கையாக அழைக்கப்படும் கறுப்பு ரப்பர் காலணியைத் தோட்டத் தொழிலாளர்கள் நெடுங்காலமாக அணிந்து வருகிறார்கள். நம் நாட்டு மலை வழிகாட்டிகள் பலரும் அதையேதான் அணிகிறார்கள். ஈரமண்ணில் நன்கு பிடிக்கும், நனைந்தாலும் நீர் தங்காது, விலையும் குறைவு. நீண்ட காலுறைக்குள் காற்சட்டையைச் செருகிக்கொண்டால் அட்டைத் தொல்லையும் பெரும்பாலும் தீரும். கடித்துவிட்டால் பதற்றம் வேண்டாம். விரல்நகத்தால் மெல்ல நெம்பி எடுத்துவிட்டுக் காயத்தைக் கழுவினால் போதும்.

ஓடைநீர் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தாலும் அப்படியே குடிக்கக்கூடாது. எலியின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் பரவும்; அந்நோய் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கக்கூடியது. நன்றாகக் கொதிக்கவைத்த நீரையே பருக வேண்டும். கூடாரத்தை அனுமதிக்கப்பட்ட இடத்தில், ஓடையிலிருந்து விலகி, மேட்டில் அமைக்க வேண்டும். ஓடையோர மணல்திட்டு, பார்ப்பதற்கு இயற்கை விரித்த பாய்போல் சமமாக இருக்கும். அந்த மணலைக் கொண்டுவந்து சமப்படுத்தியது முந்தைய வெள்ளம். தலைக்கு மேலே காய்ந்த கிளையோ பட்டுப்போன மரமோ இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வழியில் காடு மாறிக்கொண்டே வருவதைக் கவனிக்கலாம். அடிவாரத்தில் வானளாவிய மரங்கள். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். மேலே செல்லச் செல்ல மரங்கள் குள்ளமாகி, கிளைகளில் பாசி படர்ந்து, உச்சிக்கு அருகில் நம் உயரத்திற்குச் சற்று மேலான புதர்க்காடாகிவிடும். மண்ணின் சத்து குறைவதும், காற்றும், நாள்தோறும் கவியும் மேகமுமே காரணம். அங்கே பூச்சியுண்ணும் கெண்டிச் செடிகளைக் காணலாம். வேரால் பெறமுடியாத சத்தை அவை இலைநுனியில் தொங்கும் குடுவையில் விழும் பூச்சிகளிடமிருந்து பெறுகின்றன. பறிக்க வேண்டாம், வீட்டுத் தோட்டத்தில் வைத்தாலும் பெரும்பாலும் பிழைக்காது.

ஒரு முடிவை மட்டும் புறப்படுவதற்கு முன்பே, வீட்டில் வைத்தே எடுத்துவிட வேண்டும். எந்த நேரத்தில் திரும்புவது என்பதே அது. நாம் போட்ட கணக்குப்படி நண்பகல் 12 மணிக்குள் பாதி வழியைத் தாண்டியிருக்க வேண்டும். தாண்டவில்லை என்றால் திரும்பிவிட வேண்டும். அந்த நேரத்தில் திரும்பினால் இருட்டுவதற்கு முன்பே அடிவாரம் வந்துவிடலாம். சூரியன் மாலை 7 மணியளவில் மறைந்தாலும், அடர்ந்த காட்டுக்குள் அதற்கு ஒரு மணி நேரம் முன்னரே இருள் கவிந்துவிடும். இம்முடிவை மலைமேல் நின்றுகொண்டு எடுக்க முயன்றால் வாக்குவாதமே மிஞ்சும். “இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இன்னும் கொஞ்சம்தானே” என்று ஒருவர் சொல்வார். களைத்தவர் வெட்கப்பட்டு வாய்திறக்கமாட்டார். முதல் நாளே நேரத்தைத் தாளில் எழுதி அனைவரும் ஒப்புக்கொண்டிருந்தால், கடிகாரம் பேசும். யாரும் யாரையும் குறைசொல்ல வேண்டியிராது. இடியோசை கேட்டாலும், ஓடை கலங்கியிருந்தாலும், ஒருவருக்கு உடல்நலம் குன்றினாலும் இதே விதிதான். இவ்விதியின்படி திரும்பி வந்தவர்களைத் தோற்றவர்கள் என்று கேலி செய்யும் பழக்கம் நம் மாணவர் குழுக்களிடையே இல்லாமலில்லை. வெயில் காயும் திடலில் உட்கார்ந்து அப்படிப் பேசுவது எளிது.

மேலே சென்று சேர்ந்தவர்களுக்கும் ஒரு சிறு ஏமாற்றம் காத்திருக்கிறது. மலையின் மிக உயர்ந்த முனையில் தொலைத்தொடர்பு நிலையங்கள் இருப்பதால் அங்கே பொதுமக்கள் செல்ல அனுமதியில்லை. வேலியைத் தாண்டிப் படம் எடுத்துக்கொள்ள முயலக்கூடாது. உச்சிக்கு அருகிலுள்ள ‘பாடாங் தோக் ஷேக்’ என்னும் திறந்த பாறைவெளி வரை செல்லலாம். உள்ளூர் முஸ்லிம் மக்கள் மரியாதையுடன் போற்றும் இடம் அது. அங்கே கூச்சலும் பாட்டும் வேண்டாம்.

விடியற்காலையில் மேகம் விலகினால் காட்சி விரியும். யானின் வயல்கள் கட்டம் கட்டமாகத் தெரியும். கடலில் பீடான், சோங் சோங் தீவுகள். வானம் மிகத் தெளிந்திருந்தால் வடக்கே லங்காவியும் தெற்கே பினாங்கும். இவ்வளவு தொலைவு நமக்குத் தெரிகிறது என்றால், அவ்வளவு தொலைவிலிருந்தும் இம்மலை தெரியும் என்பதே பொருள். பூமியின் வளைவைக் கொண்டு கணக்கிட்டால், 1,217 மீட்டர் உயரமுள்ள ஒரு முனை கடல்மட்டத்தில் இருப்பவருக்குச் சுமார் 120 கிலோமீட்டர் தொலைவு வரை தெரியக்கூடும். வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்கு, கரை கண்ணுக்குத் தெரிவதற்கு வெகுநேரம் முன்னரே, அடிவானத்தில் முதலில் எழுந்தது ஜெராயின் தலைதான். தமிழர்கள் கடாரம் என்று அழைத்த துறைமுக நாடு இம்மலையின் அடியில் செழித்திருந்தது. முதலாம் இராஜேந்திர சோழனின் கப்பற்படை 1025ஆம் ஆண்டுவாக்கில் கடாரத்தின்மீது படையெடுத்து வந்தது. திசைகாட்டும் கருவி இல்லாத அக்காலத்தில், வணிகனுக்கும் படைவீரனுக்கும் கரையை அடையாளம் காட்டியது இதே மலைதான். உச்சிக்கு அருகிலும் பழைய கட்டுமானம் ஒன்றின் எச்சங்கள் கண்டறியப்பட்டுள்ளன. எனவே, சுமையோடு இந்த ஏற்றத்தில் மூச்சு வாங்கியவர்களில் நாம் முதலானவர்கள் அல்லர்.

சனிக்கிழமை இறங்கும்போது கூடுதல் கவனம் தேவை. ஏறும்போது களைப்பு; இறங்கும்போது விபத்து. முழங்கால்கள் தளர்ந்திருக்கும், மனம் வீட்டுச் சோற்றை நினைக்கத் தொடங்கியிருக்கும். ஈர இலைகள் மூடிய பாறையில் கால் வழுக்குவது அப்போதுதான். குறுகிய அடிகளாக வைத்து, முழங்காலைச் சற்று மடக்கி, முன்னால் செல்பவருக்கும் தமக்கும் சில அடி இடைவெளி விட்டு இறங்க வேண்டும். குப்பை முழுவதையும் பையில் போட்டுக் கீழே கொண்டுவர வேண்டும்.

அடிவாரத்தில் தலைகளை எண்ணிச் சரிபார்த்து, பட்டியலை வைத்திருப்பவரை அழைத்துச் செய்தி சொன்ன பிறகு நேரமிருந்தால், மெர்போக்கிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகத்திற்குச் செல்லலாம். 1936-37ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் அகழாய்ந்த புக்கிட் பத்து பகாட் கோவில் அங்கே ஓடைக்கரையில், ஆனால் ஓடையைவிட்டு உயர்ந்த மேட்டில் இருக்கிறது. அதன் அடித்தளமும் சுவர்களும் கருங்கல்லால் ஆனவை. பக்கத்து ஓடையில், அதே மலையிலிருந்து உருண்டு வந்த கற்கள் இன்றும் கிடக்கின்றன.